இல்லாத மருந்துக்கு ஒரு விளம்பரம்

"ஹலோ, தெளிதுளி கிடைக்கிற எடம் இதுதானேம்மா?"

"இல்லைங்க. அப்படி ஒரு மருந்தே கிடையாது."

"தீந்துபோச்சா?"

"இருந்தாத்தானேம்மா தீர்றதுக்கு? நான் ஒரு ஸ்கூல் டீச்சர். அது பசங்க பாடத்துக்காக எழுதுன விளம்பரம்."

"டீச்சரே விக்கிறீங்களா! அப்ப நல்ல மருந்தாத்தான் இருக்கும்."

அண்ணி சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். காலையிலிருந்து வந்த எல்லா அழைப்புகளிலும் இந்த இடம்வரை ஒழுங்காக வந்து, இங்கேதான் சறுக்கிக்கொண்டிருந்தார். கட்டுரைத் தாள்களைத் திருத்த வேண்டியிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தார். நான் எதிரே உட்கார்ந்து தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம்.

"அம்மா, நான் எதுவும் விக்கல. ஸ்கூல் செவுத்துல ஒட்டியிருந்ததை யாரோ போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க. அவ்வளவுதான்."

"புரியுதும்மா. கேக்கறவங்களுக்கெல்லாம் குடுத்தா கட்டுப்படியாகாதுதான். எனக்கு மட்டும் ஒரு பாட்டில் எடுத்து வெச்சிருங்க. யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி என்னை முறைத்தார். அவர் உதட்டிலும் சிரிப்பு முட்டிக்கொண்டுதான் நின்றது.

"என் பொண்ணுக்குத்தாம்மா. க்ளாஸ்ல தனியாத்தான் ஒக்காந்திருப்பா. நீங்க போட்டிருக்கீங்களே, அப்படியே அவளைப் பாத்து எழுதுன மாதிரி. வலிப்பு மாத்திரை போட்டுப் போட்டு எந்நேரமும் தூக்கம். தூங்குமூஞ்சின்னு பேரே வெச்சுட்டாங்க பிள்ளைங்க."

அண்ணி எழுந்து நின்றுவிட்டார். "மாத்திரை ஒழுங்கா போடறாளா?"

"போட்டுக்கிட்டுத்தான் இருந்தா. நிறுத்திட்டேன். துளி ஆரம்பிக்கறப்ப ஒடம்புல பழைய மருந்து இருக்கக் கூடாதுல்ல? நீங்கதானே போட்டிருக்கீங்க, மாத்திரைக்கு விடை கொடுங்கன்னு."

"அம்மா, தயவுசெஞ்சு நான் சொல்றதைக் கேளுங்க. அந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தக் கூடாது. ஆபத்து. இப்பவே டாக்டருக்குப் போன் போட்டு..."

"எல்லாக் கம்பெனிக்காரங்களும் இதத்தாம்மா சொல்றீங்க. டாக்டரைக் கேளு, டாக்டரைக் கேளுன்னு. அவரைக் கேட்டுக் கேட்டுத்தானே இத்தனை வருஷம் ஓடிப்போச்சு. சரிம்மா, மருந்து வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

வைத்துவிட்டார். அண்ணி உடனே திரும்ப அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நான் வரிசைப்படுத்திய தாள்களை எடுத்துத் தாறுமாறாக அடுக்கினார்.

என் அண்ணன் மனைவி அவர். நடுநிலை வகுப்புகளுக்கு மொழிப்பாடம் எடுக்கிறார். நான் அதே பள்ளியின் நூலகத்தில் வேலை செய்கிறேன். பள்ளியில் அவருக்கு "ஆகையால் மிஸ்" என்று பெயர். கட்டுரையில் ஒவ்வொரு பத்தியும் "ஆகையால்" என்ற சொல்லைப் போடும் தகுதியைச் சம்பாதிக்க வேண்டும் என்பார். காரணம் சொல்லாமல் யாராவது அதைப் போட்டுவிட்டால் ஓரத்தில் சிவப்பில் "எதனால்?" என்று எழுதுவார். பையன்கள் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும்போதுகூட, "மிஸ், நிறைய தண்ணி குடிச்சுட்டேன், ஆகையால்..." என்று இழுப்பார்கள். அண்ணி முகத்தை மாற்றாமல், "காரணம் போதுமானது, போ" என்பார்.

இயல்பில் பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவார். தேர்வுத்தாள் கட்டைப் பேருந்தில் மடிமேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டுதான் வருவார். ஆனால் வகுப்பில் நுழைந்துவிட்டால் வேறு ஆள். அதிலும் விளம்பரப் பாடம் எடுக்கும் வாரத்தில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் சன்னலில் வந்து தொங்குவார்கள்.

அந்தப் பாடத்தில் உள்ள உத்திகளுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். "ஊரோடு போ" என்றால், எல்லாரும் வாங்கியாச்சு, நீங்கள் மட்டும்தான் பாக்கி. "வெள்ளைக் கோட்டு" என்றால், யாரென்றே தெரியாத ஒருவருக்குக் கோட்டு மாட்டி நிபுணர் ஆக்குவது. "எனக்கும் முதல்ல நம்பிக்கை இல்லைங்க" என்று தொடங்குகிறவள் "பக்கத்து வீட்டு அக்கா". கடைசியில் "முள்". "முதல்ல கால்ல முள்ளைக் குத்து, அப்பறம் முள் எடுக்கற ஊசியை வில்லு. தைச்ச முள்ளு யாருதுன்னு வாங்கறவன் கேக்கவே மாட்டான்" என்பார்.

இதெல்லாம் புத்தகத்தில் படித்தது இல்லை. அவருடைய அப்பா ஓடும் ரயிலில் பேனா விற்றவர். பெட்டியில் ஏறியதும் பேசத் தொடங்குவார். எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கையில் ஒரு பேனாவைக் கொடுத்துவிடுவார். குழந்தை கையில் போனதைத் தகப்பன் பிடுங்கமாட்டான். விடுமுறை நாட்களில் அண்ணியும் போவார், ஆனால் அப்பாவோடு இல்லை. முந்தின நிலையத்திலேயே தனியாக ஏறி, யாருடைய பிள்ளையோ போல மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பா பேசி முடித்ததும் முதல் பேனாவை ஓடிவந்து வாங்க வேண்டும். "அங்கிள், எனக்கு ஒண்ணு!" அதுதான் வசனம். அதற்கப்புறம் பெட்டியே வாங்கும். பேனாக்கள் வீடு போய்ச் சேருவதற்குள் காய்ந்துவிடும். இதை அண்ணி என்னிடம் ஒரே ஒருமுறை, பாத்திரம் துலக்கிக்கொண்டே, குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் சொன்னார்.

அதனால்தான் அவர் வகுப்பில் விளம்பரம் மட்டும் எழுத விடமாட்டார். முதலில் விளம்பரம். பிறகு அதே விளம்பரம் எந்தெந்த இடத்தில் ஏமாற்றுகிறது என்று ஒரு கட்டுரை. வழவழ அச்சில் விளம்பரம் மேலே, கோடு போட்ட தாளில் கட்டுரை கீழே. இரண்டையும் சேர்த்துத் தாழ்வாரச் சுவரில் ஒட்டுவார். "மேல இருக்கறது வேஷம், கீழ இருக்கறது மூஞ்சி. ரெண்டையும் பாத்தாத்தான் பாடம்."

தெளிதுளி ஒரு குழுவின் கற்பனை. குடித்தால் பிள்ளைகளுக்குப் பாடத்தில் கவனம் வருமாம். முதல் வடிவத்தில், "இதைக் குடியுங்கள், மிகவும் நல்லது" என்று எழுதியிருந்தார்கள். அண்ணி சிரித்துவிட்டு, "இதைப் பாத்து ஈகூட வாங்காது" என்று சிவப்புப் பேனாவால் இரண்டு வரிகளைச் சேர்த்துக் கொடுத்தார். "உங்கள் பிள்ளை வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்கிறதா? கசக்கும் மாத்திரைகளுக்கு விடை கொடுங்கள்." அந்தக் குழுவில் ஒருத்தியின் அக்கா அச்சகத்தில் வேலை பார்ப்பவள். அவள் வண்ணத்தில் அடித்துக் கொடுத்துவிட்டாள். விளம்பரத்தில் போன் எண் வேண்டும் என்று பிள்ளைகள் மனம்போன எண்ணை எழுதப் போனபோது அண்ணி தடுத்தார். அது உண்மையிலேயே யாருடைய எண்ணாகவாவது இருந்துவிட்டால்? முன்பின் தெரியாத ஒருவருக்கு எதற்குத் தொல்லை? தன் எண்ணையே போடச் சொன்னார். இப்படி ஒரு ஜாக்கிரதை அண்ணிக்கு மட்டும்தான் தோன்றும்.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்த யாரோ விளம்பரத்தை மட்டும் படம் பிடித்தார்கள். கட்டுரை படச்சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. படம் போன் போனாகப் போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை அண்ணன் கடையிலிருந்து வந்தான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். நடந்ததைக் கேட்டுவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் சிரித்தான்.

"ஏமாறாம இருக்கறது எப்படின்னு நீ பாடம் நடத்தினதுல ஊரே ஏமாந்துபோச்சு. மாமா இருந்திருந்தா மகளைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு ஆடியிருப்பாரு."

அண்ணி ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடி துடைத்தார். அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சரி விடு. நம்பரை மாத்திடு, வேலை முடிஞ்சுது."

"மாத்தினா அந்தம்மா எங்க கூப்பிடும்?"

அண்ணன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனான்.

அந்த அம்மாவின் எண்ணுக்கு அண்ணி எத்தனையோ முறை அழைத்தார். என் போனிலிருந்தும் அழைத்தார். நீளமான செய்தி ஒன்று எழுதினார். காரணம் ஒன்று, காரணம் இரண்டு, ஆகையால் மாத்திரையை உடனே தொடருங்கள் என்று. பார்த்துவிட்டதற்கான அடையாளம் விழுந்தது. பதிலாக வந்தது ஒரே வரி: "துளி எப்போது வரும் அம்மா?"

"படிச்சாங்க பாப்பா. படிச்சும் கேக்கறாங்க" என்றார் அண்ணி. வீட்டில் எனக்குப் பாப்பா என்று பெயர். "அந்தப் பொண்ணுக்குப் படிக்கட்டுல போறப்ப வலிப்பு வந்துட்டா? ரோட்டைத் தாண்டறப்ப வந்துட்டா?"

அடுப்படியில் ஏதாவது கீழே விழுந்தால்கூடத் திடுக்கிட்டுத் திரும்பினார். சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டார்.

மறுநாள் முதல் வேலையாக வகுப்பில் போய், தெளிதுளி இல்லை என்று ஊருக்குச் சொல்லும் அறிவிப்பு ஒன்றை எழுதிக் காட்டினார். தாழ்வாரத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"மிஸ், இதை யாரும் ஃபார்வர்ட் பண்ண மாட்டாங்க" என்றான் ஒருவன்.

"ஏன்? உண்மைதானே எழுதியிருக்கேன்?"

"அதனாலதான் மிஸ்."

"பயமுறுத்துங்க மிஸ்" என்றாள் இன்னொருத்தி. "தெளிதுளி குடிச்சா முடி கொட்டும்னு போடுங்க. பறக்கும் பாருங்க."

வகுப்பு சிரித்தது. அண்ணி சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு வெளியே வந்து, என்னைத் தாண்டி நூலகத்துக்குள் போய், போனை எடுத்தார். நான் பின்னாலேயே போய்ப் பார்ப்பதற்குள் எழுதி அனுப்பியாகிவிட்டது.

"தெளிதுளி வந்துவிட்டது. உங்களுக்கென்று ஒரு பாட்டில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கேட்டவர்கள் நிறையப் பேர், ஆகவே இன்று மாலைவரைதான் வைத்திருக்க முடியும். பள்ளி முகவரி கீழே இருக்கிறது. மகளையும் அழைத்து வாருங்கள்."

"அண்ணி!"

"முள்ளை முள்ளாலதான் எடுக்க முடியும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பதில் உடனே வந்தது. வருகிறார்களாம்.

பள்ளி விட்டபின் தாயும் மகளும் நூலகத்துக்கு வந்தார்கள். தாய் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தில் உட்காருகிறவர். புடவையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. துளியை வைத்துக் கொண்டுபோக ஒரு துணிப்பை கொண்டுவந்திருந்தார். மகள் பின்னால் நின்றாள். அவள் கீழுதடு வீங்கி, பல் பட்டுக் கிழிந்திருந்தது.

அண்ணி அந்த உதட்டைத்தான் பார்த்தார்.

"என்னாச்சு?"

"காலையில குளிக்கறப்ப விழுந்துட்டா" என்றார் தாய். "வழுக்கிடுச்சு."

"வழுக்கல, வந்துச்சு" என்றாள் மகள்.

அண்ணி அப்படியே சிறு பிள்ளைகள் உட்காரும் குட்டை முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து இருவரையும் தாழ்வாரச் சுவருக்கு அழைத்துப் போனார். விளம்பரத்தைக் காட்டினார். கீழே இருந்த கட்டுரையைக் காட்டினார். பிள்ளைகளின் முதல் வடிவத்தைக் கொண்டுவந்து, தன் சிவப்பு எழுத்தின்மேல் விரல் வைத்தார்.

"இந்த ரெண்டு வரியும் நான் எழுதினதும்மா. உங்க பொண்ணை அப்ப எனக்குத் தெரியாது. படிக்கற ஒவ்வொரு அம்மாவும் தன் பிள்ளையைத்தான் சொல்லுதுன்னு நெனைக்கணும்னே எழுதினது."

தாய் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப துளி?"

"இல்ல."

"வந்துருச்சுன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன். நீங்க வரணும்னு."

"அதுவும் பொய்யி, இதுவும் பொய்யி. இப்ப சொல்றது மட்டும் நெசம்னு நான் எதை வெச்சு நம்பறது?"

அண்ணி சிவப்பு எழுத்தின்மேல் இருந்த விரலை எடுத்துக்கொண்டார். எந்த வகுப்பிலும் எந்தக் கேள்விக்கும் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

இதற்குள் மகள் கட்டுரையை முழுவதும் படித்துவிட்டாள். கிழிந்த உதட்டோடு சிரித்தாள். "அம்மா, இங்க பாரேன். நாம எப்படி ஏமாறுவோம்னு இவங்க முன்னாடியே எழுதி ஒட்டியிருக்காங்க."

"நீ சும்மா இரு" என்றார் தாய். துணிப்பையைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"என்னை நம்ப வேணாம்மா" என்றார் அண்ணி கடைசியில். குரலில் வகுப்பின் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. "மாத்திரை எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட இப்பவே போலாம். நானும் வர்றேன்."

"நான் வரல. கேக்காம நிறுத்திட்டேன்னு தெரிஞ்சா அத்தனை பேர் முன்னாடி நிக்க வெச்சுத் திட்டுவாரு. போன தடவை ஒருவேளை மறந்ததுக்கே என்ன பேச்சு!"

"அதுக்குத்தான் நான் வர்றேன்ங்கறேன். நிறுத்தச் சொன்னது நான்தானே? என்னைத் திட்டட்டும்."

தாய் அப்போதுதான் அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்தார். "நெசமா முன்னாடி நிப்பீங்களா?"

"நிப்பேன்."

நாங்கள் நால்வரும் மருத்துவமனைக்குப் போனோம். வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது அண்ணி அந்தப் பெண்ணின் கைகளையே கவனித்துக்கொண்டிருந்தார். விரல் லேசாக அசைந்தாலும் எழப்போவார். அவள் தலைமுடியைத்தான் ஒதுக்கிக்கொண்டிருப்பாள். உள்ளே கூப்பிட்டதும் அண்ணி சொன்னபடியே முன்னால் போய் நின்றார். கதவு சரியாக மூடவில்லை. டாக்டர் திட்டியது பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. "படிச்சவங்கதானே நீங்க?" என்பது இரண்டு மூன்று தடவை கேட்டது. "ஆமா டாக்டர்" என்பதைத் தவிர அண்ணி வேறு எதுவும் சொல்லவில்லை.

மாத்திரை அன்றே திரும்பத் தொடங்கியது. பகல் தூக்கத்தைப் பற்றி அதுவரை யாரும் டாக்டரிடம் சொன்னதே இல்லையாம். பயம்தான். மாத்திரை போடும் வேளையை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். வெளியே வந்ததும் தாய், "பரவாயில்ல டீச்சர், நல்லாத் திட்டு வாங்கறீங்க" என்றார். பல நாள் கழித்து அவர் போன் செய்தபோது, மறுபடி வலிப்பு வரவில்லை என்று சொன்னார். தூக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். க்ளாஸில் இன்னும் தனியாகத்தான் உட்காருகிறாளாம்.

தலைமையாசிரியை அண்ணியைக் கூப்பிட்டு அந்தப் பாடத்தையே விட்டுவிடச் சொன்னார். அண்ணி பயந்தவர்தான். ஆனாலும், "பசங்க வெளியில போனா இதைத்தானே மேடம் எந்நேரமும் பாக்கப் போறாங்க, சொல்லித் தராம எப்படி விடறது?" என்று கேட்டுவிட்டு வந்தார். போன் எண் கூடாது, மருந்து கூடாது, விளம்பரத்தின் குறுக்கே "வகுப்புப் பயிற்சி" என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அண்ணியின் கை இப்போதும் ஒரு கணம் தயங்கித்தான் எடுக்கிறது.

அடுத்த ஆண்டு அந்தப் பாடம் நெருங்கியபோது அவர் நிலைகொள்ளாமல் இருந்தார். முந்தின நாள் மதியம் நூலகத்துக்கு வந்து, அலமாரியில் ஒழுங்காக இருந்த புத்தகங்களை எடுத்து எடுத்து வைத்தார். நான் பதிவேட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன்.

"அந்தம்மாவை வரவழைக்க ஒரு மெசேஜ் எழுதினேன் பாரு, அதுக்கு எனக்கு யோசனையே தேவைப்படல. தானா வந்துச்சு. உண்மையைச் சொல்றதுக்கு ஒரு நாள் முழுக்க முட்டி மோதினேன், ஒண்ணும் நடக்கல. க்ளாஸ்ல நிக்கறப்ப நான் எதைப் பேசறேன்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. ஏமாறாதீங்கன்னு சொல்றேனா, எப்படி ஏமாத்தறதுன்னு ருசி காட்டறேனா?"

"என்ன செய்யணும் அண்ணி?" என்றேன்.

"நாளைக்கு வந்து கடைசி பெஞ்சுல ஒக்காரு பாப்பா. நீ சுலபமா எதுக்கும் மயங்கமாட்டே. நான் பாடம் சொல்லிக்கிட்டே இருக்கறப்ப, எங்கயாவது ஓரிடத்துல, இந்தப் பொருளை நாமளே வாங்கிடலாமேன்னு உனக்குத் தோணுச்சுன்னா, கூச்சப்படாம கையைத் தூக்கு. பசங்க சிரிச்சா சிரிக்கட்டும். நான் அங்கேயே நிறுத்திக்கறேன்."